நன்றிக்கடனா, வட்டிக்கடனா?

நடுவர் அவர்களே! "வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவன் எவன் திரும்பி வந்தான்?" என்று எதிரணி நண்பர் கேட்டார். கைதட்டலும் வாங்கினார். ஐயா, அதை எந்த ஊர்ல நின்னு கேட்டீங்க? புதுக்கோட்டையில! இந்த மண்ணே பதில் சொல்லுமே!

1886-ல் இங்கே பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 'மன்னர் கல்லூரியில பொம்பளப் புள்ளையா?' என்று எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் கதவைத் திறந்துவிட்டார். 1912-ல் சென்னையில் டாக்டர் ஆனார். பிறகு, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1925-ல் அரசாங்க உதவித்தொகையில் மேல்படிப்புக்கு லண்டன் போனார். அங்கேயே தங்கிட்டாரா? வந்தார்! அவர் விடாமல் பாடுபட்டதால், 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது.

கணக்குப் பாருங்க. மன்னர் கொடுத்தது ஓர் இடம். அரசு கொடுத்தது ஓர் உதவித்தொகை. நமக்குக் கிடைத்தது ஓர் ஆஸ்பத்திரி! இது லாபமா, நஷ்டமா?

எல்லாரும் திரும்புவதில்லை, ஒத்துக்கறேன். ஆனா, அப்பா நிலத்தை அடகு வச்சு அனுப்பின பையன் எப்படித் திரும்புவான்? வட்டி கட்டவே டாலர் வேணுமே! அவனைப் பிடிச்சு வச்சிருக்கறது அமெரிக்கா இல்லீங்க, அடகுச்சீட்டு!

நம்ம கல்லூரியும் அயல்நாட்டுக் கல்லூரியும் ஒப்பந்தம் போடட்டும். உதவித்தொகை பெருகட்டும். ஊர் அனுப்பினால், பிள்ளைக்கு அது நன்றிக்கடன். வட்டிக்கடை அனுப்பினால், வெறும் வட்டிக்கடன். நன்றிக்கடன்பட்டவன் ஊரைத் தேடி வருவான்.

ஆகவே, வெளிநாட்டுப் படிப்பு நாட்டுக்கு லாபமே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!