எலும்பு உருவாகும் விதம்
(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் பேச எழுந்தால் கல்வியின் பெருமையைத்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இக்கழகத்தின் துணையால் படித்து உயர்ந்தோர் இம்மேடையிலேயே அமர்ந்திருக்க, அதனை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எலும்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நான் கலைப் பட்டதாரி. வேதியியல் என் பாடமன்று. ஆயினும் தருமபுரி மாவட்டத்தில் ஆசிரியனாக இருப்பவன் இதனைப் படிக்காமல் இருத்தலாகாது. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

எலும்பும் தோலும் நம் முன்னோர் கைக்கு ஒதுக்கப்பட்டவை. செத்த மாட்டை அகற்றும் வேலையை நம்மீது சுமத்தினர்; அதனைத் தொட்டமையாலேயே தீட்டு என்றும் கூறினர். அந்த எலும்பினுள் இருப்பது என்ன?

மாணவர்களே, கோழியின் காலெலும்பு ஒன்றை வினிகரில் ஒரு வாரம் ஊறவையுங்கள். அது ரப்பர்போல் வளையும். கரைந்து போனது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. எஞ்சியது கொலாஜன் என்னும் புரதம். மற்றோர் எலும்பை நெருப்பிலிட்டுச் சுடுங்கள். புரதம் எரிந்துபோகும், வடிவம் கெடாமல் தாது மட்டும் நிற்கும், விரலால் அழுத்தினால் பொடியாகிவிடும். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இத்தாதுவே. இஃது அபடைட் என்னும் கனிமத்தின் இனத்தைச் சேர்ந்தது என்பதை 1926-இல் டி யோங் என்பார் எக்ஸ் கதிர் கொண்டு காட்டினார்.

கொலாஜன் மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது என்னும் கருத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் வெளியிட்டனர். அதற்கு வேண்டிய கொலாஜன், கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுக்கப்பட்டு, அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. தோல் என்றால் முகம் சுளித்த நாட்டில், தோல் நிலையத்துப் பொருளே உலகப் புகழுக்கு வழி செய்தது! தோல் பதனிடுவோர் கையில் அன்றாடம் புரள்வதும் இதே கொலாஜன்தான்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். கொலாஜன் கயிறு ஒன்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், கனம் ஒன்றரை. கொத்தனார் செங்கல்லை மூட்டு மாற்றி அடுக்குவது போல இக்கயிறுகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒன்றன் முனைக்கும் அடுத்ததன் முனைக்கும் நடுவே ஏறத்தாழ 40 நானோமீட்டர் இடைவெளி உண்டு. தாது அவ்விடைவெளிகளில் படியத் தொடங்குகிறது.

எவ்வாறு படிகிறது? நம் இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதும் படிகமாகக்கூடிய அளவிலேயே இருக்கின்றன. அப்படியாயின் உடல் முழுவதும் ஏன் கல்லாகிவிடவில்லை? பைரோபாஸ்பேட் போன்ற சில பொருள்கள் காவலாக நின்று தடுக்கின்றன. எலும்பு வளருமிடத்தில் மட்டும் ஒரு நொதி அக்காவலை உடைத்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்’ என்று அச்சிட்டிருப்பார்களே, அதுதான். எலும்பிலுள்ள இந்நொதியின் பணியை 1923-இல் இராபர்ட் இராபிசன் எடுத்துக்காட்டினார்.

தாது முதலிலேயே படிகமாகத் தோன்றுவதில்லை. அச்சில் ஊற்றிய வெல்லப்பாகு பின்னர் இறுகுவது போல, உருவமற்ற கால்சியம் பாஸ்பேட் முதலில் வந்து, பிறகே படிகமாகிறது. வரிக்குதிரை மீனின் துடுப்பெலும்பில் 2008-இல் இதனைக் கண்டனர். அப்படிகங்கள் இரண்டு முதல் நான்கு நானோமீட்டர் கனமேயுள்ள தகடுகள். சிட்ரேட் என்னும் பொருள் அவற்றின் முகப்பில் ஒட்டிக்கொண்டு, மேலும் தடிக்காமல் காக்கிறது என 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. (எலுமிச்சையிலும் இருப்பது இதுவே. ஆனால் எலுமிச்சை உண்டால் எலும்பு வலுக்கும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டா. எலும்பின் உயிரணுக்கள் தமக்கு வேண்டியதைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன.) தகடு மெல்லியதாய்ப் புரதத்தோடு பின்னியிருப்பதனாலேயே எலும்பு பாரம் தாங்குகிறது, சற்று வளைந்தும் கொடுக்கிறது.

இனி நம் மாவட்டத்திற்கு வருகிறேன். இப்படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்கவேண்டிய இடத்தில் ஃபுளோரைடு எளிதில் அமர்ந்துகொள்ளும்; இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். சிறிதளவு ஃபுளோரைடு பல்லைக் காக்கும். பல்லாண்டுகள் மிகுதியாகச் சேர்ந்தாலோ படிகம் பெருக்கிறது, எக்ஸ்ரே படத்தில் எலும்பு அடர்த்தியாகத் தோன்றினும் எளிதில் முறியும், முதுகெலும்பு விறைத்துப்போகும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்ததை 1937-இல் மருத்துவர் ஷார்ட்டும் அவர்தம் குழுவினரும் எழுதினர். தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளின் பாறையடி நீரிலும் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் அந்நீர் வராத நாள்களில் நம் குடியிருப்புகளில் என்ன குடிக்கிறோம்? ஆழ்குழாய் நீரைத்தானே!

பழுப்புக் கறை படிந்த பல்லோடு வரும் பிள்ளையைப் பார்த்து, ‘காலனிப் பிள்ளைக்குப் பல் துலக்கத் தெரியாது’ என்று ஆசிரியர் ஒருவரே வகுப்பில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்கறை அழுக்கன்று. ஈற்றினுள் பல் உருவாகும் காலத்திலேயே, ஏறத்தாழ எட்டு வயதிற்குள், தாது பிறழ்ந்து படிந்ததன் அடையாளம். எத்தனை முறை துலக்கினும் போகாது. குடித்த நீரின் குற்றத்தைப் பிறந்த குலத்தின் குற்றமாக்கும் இப்பேச்சைக் கேட்டு எத்தனை பிள்ளைகள் வாய் திறந்து சிரிக்க மறந்தனரோ! மாணவர்களே, அப்படி எவரேனும் சொன்னால் தலை குனியாதீர்கள். எழுந்து நின்று காரணத்தைச் சொல்லுங்கள்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. காய்ச்சினால் அது போகாது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் நீரைச் சோதித்துத் தருகிறார்கள். கழகத்து இளைஞர்கள் தெருவுக்கு இருவராகப் பொறுப்பேற்று, ஒவ்வோர் ஆழ்குழாயிலிருந்தும் ஒரு லிட்டர் நீர் எடுத்துச் செல்ல வேண்டுகிறேன். கண்ணாடிப் புட்டி வேண்டா, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். தூய பிளாஸ்டிக் புட்டியில் எடுங்கள். தெருவின் பெயரையும் எடுத்த நாளையும் எழுதி ஒட்டுங்கள். வரும் முடிவுகளைக் கழக அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் எல்லோரும் காண எழுதி வையுங்கள்.