இளஞ்சிவப்பு நிறமும் டார்ச் வெளிச்சமும்
(ஜெயங்கொண்டத்தில் முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்ஜினியருக்குப் புற்றுநோயைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். வைத்தியம் எனக்குத் தெரியாது. அளவுக் கருவிதான் என் பிழைப்பு. அதனால் ஓர் அளவீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இங்கிருந்து மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோவில் வழியாகப் போனால் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் வாய்ப்புற்று நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, 2005-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிளாஸ்மாவில் கொழுப்பின் ஆக்சிஜனேற்றம் கூடியிருந்தது. அதைத் தடுக்கும் பொருட்கள் குறைந்திருந்தன. வெற்றிலையோடு புகையிலை போடும் ஊர்க்காரர்களான நமக்கு இது அடுத்த வீட்டுச் சங்கதி.

எப்படி அளக்கிறார்கள்? கொழுப்பு சிதையும்போது மலோன்டைஆல்டிஹைடு உண்டாகிறது. தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் இளஞ்சிவப்பாகும். 532 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பார்கள். நம்ம கெமிஸ்ட்ரி லேபிலேயே செய்துவிடலாம் போலத் தோன்றும். வில்லங்கமும் அங்கேதான். அந்த அமிலம் ரத்தத்திலுள்ள வேறு சில பொருட்களோடும் நிறம் காட்டும். ஊசி போடும்போது சிவப்பணு உடைந்தால் கணக்கு மாறும். சூடாக்கும்போதே புதிதாகக் கொஞ்சம் கொழுப்பு சிதையும். போதாததற்கு, பீடி குடிப்பவருக்கும் சர்க்கரைக்காரருக்கும் புற்று இல்லாமலே எண் ஏறும். நோயாளிகள் கூட்டத்தையும் நலமுள்ளவர்கள் கூட்டத்தையும் ஒப்பிட இந்த எண் உதவும். தனி ஆளுக்கு நோய் உண்டா என்று அது சொல்லாது.

என் உறவினர் ஒருவர் இப்படியொரு சோதனைச் சீட்டை நீட்டி, "தம்பி, இது கூடியிருக்காம். மாத்திரை வாங்கச் சொல்றாங்க, வாங்கட்டுமா?" என்றார். அவர் புகைபிடிப்பவர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதல்! (காரட் பாவம், அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.) மாத்திரை வேண்டாம், பீடியை விடுங்கள் மாமா என்றேன். முகம் சுளித்தார்.

அதே 2005-இல் திருவனந்தபுரத்து ஆய்வொன்றும் வெளிவந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயை வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல. உங்களைப் போன்ற பட்டதாரிகள்.

தம்பி தங்கையரே, இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அப்பாயியை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். தனியாகப் போகச் சொன்னால் போக மாட்டார்கள்.