ஈரல் தந்த நொதியும் தூய்மையின் அளவுகோலும்
(பேசின் பிரிட்ஜ் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இருபத்தைந்து ஆண்டுக் கல்விப் பணியைக் கொண்டாடும் இந்நாளில், ‘தூய்மை’ என்னும் சொல்லைச் சற்றே ஆராய விழைகிறோம். அச்சொல்லால் நம்மவர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரைப் பருகினார். உடன் சென்ற மக்களும் பருகினர். குளம் தீட்டுப்பட்டதென்று சொன்ன சாதியினர் சாணம், கோமியம், பால், தயிர் கொண்டு அதனைத் ‘தூய்மை’ செய்தனர். மாட்டின் சாணம் தூய்மை தருமாம். இறந்த மாட்டைச் சுமந்தவன் மட்டும் தீட்டாம்! இத்தூய்மையை அளந்து காட்ட ஏதேனும் கருவி உண்டா? இல்லை.

அறிவியலிலும் தூய்மை உண்டு. அங்கே அதற்கு அளவுகோலும் உண்டு. நமக்கு அண்மையிலுள்ள புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியால் நாமறிந்த பொருளாகிய ஈரலையே சான்றாகக் கொள்வோம்.

நஞ்சை முறிப்பது ஈரலின் தலையாய பணிகளுள் ஒன்று. மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாக உண்டால் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படும். சிறிதளவு சயனைடு உடலில் புகுந்தால், ரோடனேஸ் என்னும் நொதி அதனுடன் கந்தகத்தை இணைத்து, நச்சுத்தன்மை மிகக் குறைந்த தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது சிறுநீர் வழியே வெளியேறுகிறது. இந்நொதியை 1933-இல் லாங் என்னும் ஜெர்மன் அறிஞர் விவரித்தார். 1953-இல் சுவீடன் நாட்டுச் சோர்போ மாட்டு ஈரலிலிருந்து அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்.

ஈரலை அரைத்து நீரில் கரைத்தால் பல்வகைப் புரதங்கள் கலந்து நிற்கும். அம்மோனியம் சல்பேட் உப்பைப் படிப்படியாகச் சேர்த்தால், ஒவ்வொரு புரதமும் ஒவ்வோர் அளவில் திரண்டு பிரியும். ஒவ்வொரு படியிலும் கேட்கப்படும் வினா ஒன்றே: ஒரு மில்லிகிராம் புரதம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு சயனைடை மாற்றுகிறது? அந்த எண் உயர உயரத் தூய்மை உயர்கிறது. உயர்வது நின்றதும், வேறு சோதனைகளாலும் தூய்மையை உறுதி செய்வர். உண்டான தயோசயனேட்டுடன் இரும்பு உப்பைச் சேர்த்தால் செந்நிறம் தோன்றும். நிறத்தின் ஆழத்தைக் கருவி அளந்து சொல்லும். சயனைடு உயிர்கொல்லி, ஆகவே இச்சோதனை தக்க பாதுகாப்புள்ள ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்யத்தக்கது.

அடுத்தது வினைவேக ஆய்வு. வினைப்பொருளின் அளவைக் கூட்டக் கூட்ட வேகம் கூடும். ஓர் எல்லைக்குப் பின் கூடாது. 1913-இல் மைக்கேலிசும் மென்டனும் இதற்குக் கணக்கு வகுத்தனர். அவ்வழியில் அமெரிக்க அறிஞர் வெஸ்ட்லி முதலியோர் ரோடனேசின் வேகங்களை வரைபடமாக்கினர். கோடுகள் இணையாக அமைந்தன. அதன் பொருள் யாது? துறைமுகத் தொழிலாளி ஒரு வண்டியிலிருந்து மூட்டையை இறக்கித் தோளேற்றுகிறார், அவ்வண்டி போய்விடுகிறது, பின்னர் வந்த வண்டியில் மூட்டையை ஏற்றுகிறார். அதுபோல், நொதி முதலில் தயோசல்பேட்டிடமிருந்து கந்தகத்தைப் பெறுகிறது. எஞ்சிய சல்பைட்டு விலகுகிறது. பின்னரே கந்தகம் சயனைடிடம் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறின் வேலைமுறையை வேகக்கணக்கே வெளிப்படுத்திற்று!

இதில் உணவுப் பாடமும் உண்டு. அக்கந்தகம் உடலுக்குப் புரத உணவிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே மரவள்ளியை நன்கு வேகவைத்து, நீரை வடித்துவிட்டு, மீன், முட்டை, இறைச்சி போன்றவற்றுடன் உண்பது நன்று.

இளைஞர்களே! மாட்டு ஈரலைக் கையாண்டோரை உலகம் அறிவியலாளர் என்று போற்றிற்று. அதே மாட்டைக் கையாண்ட நம் முன்னோரை இந்நாடு தீண்டத்தகாதோர் என்றது. வேறுபாடு பொருளிலும் இல்லை, கையிலும் இல்லை. கல்வி வாய்ப்பில் இருந்தது. அவ்வாய்ப்பை இன்னும் அகலத் திறப்பதே இக்கழகத்தின் கடமை. அதில் நுழைந்து வேதியியலும் கணக்கும் கற்பது உங்கள் கடமை. பிறப்பால் தூய்மை என்று எவரேனும் கூறினால், ‘எந்த அளவுகோலால் அளந்தீர்?’ என்று கேளுங்கள். அளக்க முடியாத தூய்மைக்கு நாம் தலைவணங்க வேண்டியதில்லை.