தொப்பி விற்ற கைதி

இலங்கைத்துறைக்கு வடக்கே உள்ள கொட்டியாரக் குடாவுக்கு 1660-ஆம் ஆண்டளவில் ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலொன்று வந்தது. மசூலிப்பட்டணத்துப் புயலில் இழந்த பாய்மரத்துக்குப் பதில் புதிது நாட்டுவதே நோக்கம். கப்பல் தலைவரையும் அவருடைய பத்தொன்பது வயது மகன் றொபேட் நொக்சையும் கண்டியரசன் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைபிடித்தனர். மறு ஆண்டே தந்தையார் காய்ச்சலால் இறந்தார். அதே நோயால் மெலிந்திருந்த மகனே அவரை அடக்கம் செய்தார்.

கைதிகளை அரசன் ஊர்களிலே குடியிருத்தினான். உணவு கிடைத்தது, உடைக்கு வழியில்லை. நொக்ஸ் நூல் தொப்பி பின்னலானார். மூன்று பென்ஸ் நூல் ஒன்பது பென்ஸ் தொப்பியாயிற்று. ஒரு முதியவரிடமிருந்த ஆங்கில விவிலியத்தையும் தொப்பி கொடுத்தே வாங்கினார். மற்றக் கைதிகளும் பின்னத் தொடங்கவே விலை சரிந்தது. பின்னர் நெல்லைக் கடன் கொடுத்தார். வட்டி பாதிக்குப் பாதி! நம்மூர் வட்டிக்காரருக்கு அவர் இளைத்தவரல்லர்.

அடுத்தது மூட்டை வியாபாரம். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் சுமந்து வடக்கே ஊர் ஊராகத் திரிந்தார். விற்க வருபவனை எவர் ஐயுறுவார்? வழிகளை விசாரித்துக்கொண்டே விற்றார். 1679 அக்டோபரில் தோழர் ஸ்டீவன் றட்லண்டுடன் அநுராதபுரம் கடந்து, ஆற்றோரக் காட்டு வழியாக, மன்னாரை அடுத்த அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

1681-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட இலங்கை வரலாற்றில் தந்தையின் சாவும் இருக்கிறது; தொப்பியின் விலையும் இருக்கிறது.