ஏரிக்கரையில் ஒரு பாடம்



பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியும், ஆவடியில் 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட பருத்திப்பட்டு ஏரியும் நம் சிறுவர்க்கு வாய்த்த பாடசாலைகள்.

தும்பியை எடுத்துக்கொள்வோம். (அதன் வாலில் நூல் கட்டும் விளையாட்டை இன்றோடு நிறுத்துவோம்!) அது நீரில் முட்டையிடும், அதன் இளம்புழு நீருக்குள்ளேயே வளர்ந்து கொசுப்புழுக்களைத் தின்னும், பருவம் வந்ததும் கோரைத் தண்டில் ஏறித் தோலுரித்துப் பறந்துவிடும். உரித்த தோல் தண்டிலேயே ஒட்டியிருக்கும். அத்தோல்களைச் சிறுவர்கள் வாரந்தோறும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதட்டும். நீரருகே பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

கரையைத் துப்புரவு செய்கிறோமென்று கோரை முழுவதையும் அறுத்துவிட்டால் தும்பி ஏற இடமேது? கொசுதான் மிஞ்சும். குளம் திருத்தத் தீர்மானம் எழுதுமுன் உறுப்பினர்கள் அக்குறிப்பேட்டை வாங்கிப் பார்ப்பார்களாக. எவ்வோரத்துக் கோரையை விட்டுவைப்பதென்பது அதிலேயே விளங்கும்.