பிள்ளை பூசினாற்போல் ஆனால் போதுமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒல்லியாக இருந்த பிள்ளை பத்து வயதுக்கு மேல் சற்றே பூசினாற்போல் ஆனால், "இப்பதான் உடம்பு தேறியிருக்கு" என்று மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவர்கள், 1969 முதல் 1973 வரை நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடை, உயரத்தைக் குறித்து வைத்தார்கள். சிறுவயதில் ஒருமுறை, 10–15 வயதில் ஒருமுறை மீண்டும் அளந்தார்கள். 26–32 வயதில் சுமார் 2,200 பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். இதே காலத்தில் டெல்லியில் பிறந்த 1,492 பேரையும் இப்படியே சோதித்தார்கள்.

இரண்டு ஊரிலும் கிடைத்த விடை ஏறக்குறைய ஒன்றுதான். சிறுவயதில் மெலிந்திருந்து, பின்னர் வேகமாக எடை கூடியவர்களிடம் சர்க்கரை நோயும் அதன் முந்தைய நிலையும் அதிகம். டெல்லியில் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட 12 வயதில் பன்னாட்டு அளவுகோலின்படி குண்டுப் பிள்ளை இல்லை! அன்று பார்த்திருந்தால் நாமும் "நல்லாத்தானே இருக்கான்" என்றுதான் சொல்லியிருப்போம்.

ஆகவே ஒருநாள் எடையைப் பார்த்தால் போதாது. எடை ஏறிவந்த பாதையைப் பார்க்க வேண்டும். அதற்குக் கணக்கு வேண்டும். தடுப்பூசி அட்டை வரை பத்திரமாக வைக்கிறோம். ஐந்து வயதுக்குப் பிறகு யார் வீட்டில் குறிப்பு இருக்கிறது?

நான் கேட்பது மூன்று. ஒன்று, பிறந்தநாளன்றும் அதிலிருந்து ஆறாம் மாதத்திலும் எடை, உயரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீடு மாறினாலும் நோட்டைத் தொலைக்காதீர்கள். இரண்டு, உயரத்தை முந்திக்கொண்டு எடை ஓடினால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். நீங்களாகப் பட்டினி போடாதீர்கள். கைக்குழந்தைக்கு ஊட்டத்தில் குறை வைக்கவே வைக்காதீர்கள்.

மூன்றாவது பெரியவர்களுக்கு. மாலையில் நம் பூங்காவில் பந்து விளையாடும் பிள்ளைகளை, "கண்ணாடி உடையும்" என்று விரட்டுகிறோம். அவர்கள் வீட்டுக்குள் போய் போனோடு உட்கார்கிறார்கள். உடைந்த கண்ணாடியைச் சங்கச் செலவில் மாற்றிவிடலாம். தினமும் ஒரு மணி நேரம் அவர்களை ஓடவிடுங்கள்.