தோலும் ஒரு பலபடியே



வெள்ளி விழா மேடையில் வேதியியல் எதற்கு என்று சிலர் எண்ணலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் முன்னோரின் கைகளைப் பற்றியது. ஆகவே சற்றே செவிமடுக்க வேண்டுகிறேன்.

நம் பகுதிக் கிணறுகளில் கமலை கட்டி இறைத்த காலத்தை முதியோர் அறிவர். கமலைச் சாலில் மாட்டும் தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். அத்தோல் இன்றேல் தோட்டம் நனையாது. ஆயினும் அத்தோலைத் தொட்ட கையை ஊர் தீண்ட மறுத்தது. இன்று கமலை மறைந்துவிட்டது. பி.வி.சி. குழாய்கள் நீரைக் கொண்டு செல்கின்றன.

அந்தத் தோலும் இந்தக் குழாயும் அறிவியலின் பார்வையில் ஓரினம் என்றால் வியப்பாக இருக்கும். பூக்களைத் தொடுத்தால் மாலையாவது போலச் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் இணைந்து நீண்ட சங்கிலியாவதே பலபடி. ஆங்கிலத்தில் பாலிமர் என்பர். வினைல் குளோரைடைத் தொடுத்தால் குழாய்க்குரிய பொருள் கிடைக்கிறது. அமினோ அமிலங்களை இயற்கை தொடுத்த கொலாஜனே தோலின் அடிப்படை. ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோலை இட்டபோது, பட்டையிலுள்ள டானின் கொலாஜன் இழைகளைப் பிணைத்து அவை அழுகாமல் காத்தது. நம் முன்னோர் செய்தது பலபடி வேதியியலே அன்றோ? செயல் அவர்களிடம் இருந்தது. நூலும் ஆய்வுக்கூடமும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன.

ஆய்வுக்கூடத்தில் அதே பொருள் பெற்ற மதிப்பைக் கேளுங்கள். 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அங்கிருந்து பெற்ற கங்காரு வால் தசைநாரில் எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தார், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன். கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் உலகிற்கு அறிவித்தனர்.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோல் ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள், நாயுடம்மா, சந்தப்பா முதலியோர், கொலாஜன் மீது செயற்கைப் பலபடிகளை ஒட்டி வளர்த்தனர். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவது போன்றது அது. ஆனால் அக்கால முறையில் சங்கிலிகள் தம் போக்கில் வளர்ந்து, ஒன்று நெடியதாகவும் மற்றொன்று குறுகியதாகவும் முடியும். 1995க்குப் பின் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் அவ்வளர்ச்சிக்குக் கடிவாளம் இட்டனர். ஏறத்தாழ ஒரே நீளமுள்ள சங்கிலிகளை இன்று விரும்பியவாறு தொடுக்கலாம். நீளத்தின்படி சங்கிலிகளைப் பிரித்துக் காட்டும் கருவியும், காந்தப் புலத்தில் அணுக்களின் அமைப்பை உணர்த்தும் கருவியும் துணை நிற்கின்றன. நோயுற்ற இடத்திற்கு மருந்தைச் சுமந்து செல்லும் பலபடிகளும் உருவாகி வருகின்றன.

மாணவச் செல்வங்களே! இதில் நாம் எங்கே நிற்கிறோம்? தோலை ஆராய்ந்தவர்க்குப் புகழ் வந்தது. அதே தோலின் ஆலைக் கழிவுத் தொட்டியில் இறங்கி, நச்சுக்காற்றில் மூச்சடைத்து மாண்டவர்களில் பலர் நம்மவர்கள். பொருள் ஒன்றுதான், இடையில் நிற்பது கல்வி என்னும் கதவு. அக்கதவு நமக்கு அடைக்கப்பட்டிருந்தது. அண்ணல் அம்பேத்கர் முதலிய பெருமக்கள் அதைத் திறக்கப் போராடினர்.

திறந்த கதவின் உள்ளே செல்வது நம் கடமை. பத்தாம் வகுப்பு முடித்தோர்க்குப் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு, 1968இல் கிண்டியில் தொடங்கிய சிப்பெட் நிறுவனத்தில் உண்டு. மதுரையிலும் அதன் மையம் இருக்கிறது. பொறியியல் விரும்புவோர் அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் பயிலலாம். முதுகலை முடித்தோர் தேசியத் தகுதித் தேர்வு எழுதி உதவித்தொகையுடன் ஆய்வு செய்யலாம். நமக்கு வயது வரம்பில் தளர்வும் உண்டு.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். ஏலத்தோட்டக் கூலி வீட்டுக்குத் தேவைதான். ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பு நடுவே பிள்ளையை ஜீப்பில் ஏற்றி மலைக்கு அனுப்பாதீர்கள். தோலைத் தைத்த கையின் பேரப்பிள்ளை அதே தோலை எக்ஸ்-கதிரில் காணும் நாள் வரவேண்டும். அந்நாளில் எந்தக் கையையும் தாழ்ந்த கை என்று சொல்ல எவர்க்கும் நா எழாது.

வாழ்க கல்வி! வளர்க நம் கழகம்!